எண்ணிப் பார்க்க இடம் கொடுக்காத கவுண்டர்

வங்கிக்குப் போகிற எல்லோருக்கும் அந்தப் பலகை தெரியும். கேஷ் கவுண்டர் கண்ணாடியில் ஒட்டியிருக்கும், இல்லையென்றால் மேலே தொங்கும். பணத்தை எண்ணிச் சரிபார்த்துவிட்டுத்தான் கவுண்டரை விட்டு நகர வேண்டும், அதற்குப் பிறகு வந்து சொன்னால் வங்கி பொறுப்பல்ல என்பது அதன் சாரம். எங்கள் பகுதிக் கிளைகளில் இந்தப் பலகைக்குக் கீழே நின்று நம் மக்கள் பணத்தை எண்ணி நாங்கள் பார்த்தது மிக அரிது. வாங்குகிறார்கள், முந்தானையிலோ சுருக்குப் பையிலோ மஞ்சள் பையிலோ வைக்கிறார்கள், நகர்ந்துவிடுகிறார்கள். ஏன் எண்ணவில்லை என்று கேட்டால், "பின்னாடி ஆளு நிக்குதே" என்பார்கள், "அந்த சாரு முறைக்கிறாரு" என்பார்கள், "பேங்க்ல போயி தப்பு நடக்குமா" என்பார்கள். கடைசிப் பதிலில் இருக்கிற வெள்ளந்தி நம்பிக்கைக்கு என்ன சொல்வது என்று எங்களுக்குத் தெரியவில்லை. முதல் இரண்டு பதில்களுக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

எங்கள் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பணம் எண்ணுகிற வேலையில் பிழை வரும். எந்தக் கேஷியரும் வராது என்று சத்தியம் செய்ய முடியாது. நாங்கள் கேஷியர்களைத் திருடர்கள் என்று சொல்ல வரவில்லை. பிழை நடந்த பிறகு அதை நிரூபிக்கிற சுமை யார் தலையில் ஏற்றப்படுகிறது என்பதுதான் எங்கள் கேள்வி. எண்ணிப் பார்க்க நேரமும் இடமும் கொடுக்காமல் விரட்டிவிட்டு, எண்ணாமல் போனது உன் குற்றம் என்று சொல்கிறார்கள். வங்கியின் பிழையை ஏழை வாடிக்கையாளரின் பிழையாக மாற்றுகிற வேலையை அந்தப் பலகை ஓசையில்லாமல் செய்துகொண்டிருக்கிறது.

சென்ற ஆண்டு நடந்ததைச் சொல்கிறோம். வட மாவட்டம் ஒன்றில், ஒன்றியத் தலைமையிடத்தில் இருக்கிற ஒரு வங்கிக் கிளை. பெயர் வேண்டாம். காலனியைச் சேர்ந்த ஓர் அம்மா, வயது ஐம்பத்தைந்துக்கு மேல் இருக்கும். மகளிர் குழுக் கடனில் தன் பங்காக வந்த 60,000 ரூபாயை எடுக்கப் போனார். மகனுக்கு ஆட்டோ வாங்க முன்பணம் கட்ட வேண்டும். கையெழுத்துப் போடத் தெரியாது, கைநாட்டுதான். பணம் எடுக்கும் சீட்டை வரிசையில் நின்ற ஒரு காலேஜ் பையன் நிரப்பிக் கொடுத்திருக்கிறான். உள்ளே அதிகாரி முன்னால் ரேகை வைத்துவிட்டு வந்து கவுண்டரில் சீட்டைக் கொடுத்தார். ஐநூறு ரூபாய்க் கட்டு ஒன்றும், உதிரியாகச் சில தாள்களும் வந்தன. ஒரு கட்டுக்கு 100 தாள், 50,000 ரூபாய். உதிரி 20 தாள் இருக்க வேண்டும்.

அம்மா அங்கேயே எண்ணப் பார்த்திருக்கிறார். "அந்தப் பக்கம் போய் எண்ணும்மா, வரிசையை மறைக்காத" என்று உள்ளிருந்து குரல். அந்தப் பக்கம் என்பது வாசல். செருப்புக் கிடக்கிற இடம், வருகிறவர் போகிறவர் எல்லோரும் பார்க்கிற இடம். அங்கே நின்று அறுபதாயிரத்தை விரித்து எண்ண எந்தப் பெண்ணுக்குத் துணிச்சல் வரும்? வெளியே வேப்ப மரத்தடியில் காத்திருந்த குழுத் தலைவியிடம் கொண்டுபோய்க் கொடுத்து எண்ணச் சொன்னார். கட்டு சரியாக இருந்தது. உதிரித் தாள் பத்துதான் இருந்தது. 5,000 ரூபாய் குறைந்தது.

கவுண்டரை விட்டுப் போய்ப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. இருவரும் திரும்பி ஓடினார்கள். "மெஷின்ல போட்டு எண்ணித்தானே குடுத்தேன். வெளிய போயிட்டு வந்து சொன்னா யாரு பொறுப்பு?" என்றார் கேஷியர், பலகையைக் காட்டி. படிக்கத் தெரியாத பெண்ணிடம் பலகையைக் காட்டினார். வரிசையில் நின்ற ஒருவர் "இதுங்களுக்கு இதே வேலையாப் போச்சு" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். மேனேஜர் அறையில் நாற்காலிகள் காலியாகத்தான் இருந்தன. உட்காரச் சொல்லவில்லை. "சாயங்காலம் கேஷ் டேலி பண்ணும்போது பாக்கறோம், நாளைக்கு வா" என்று அனுப்பிவிட்டார். மறுநாள் கூலியை விட்டுவிட்டுப் போனார்கள். "டேலி ஆயிடுச்சு. எங்க பக்கம் ஒண்ணும் இல்ல, போம்மா."

அதற்குப் பிறகுதான் எங்களிடம் வந்தார்கள். எங்களுக்கும் அப்போது அந்த "டேலி" என்கிற வார்த்தைதான் இடித்தது. டேலி ஆகிவிட்டது என்றால் பணம் கூடுதலாக இல்லை என்று அர்த்தமா? இட ஒதுக்கீட்டில் வங்கி வேலைக்குப் போய், முப்பது ஆண்டுக்கு மேல் கேஷ் கவுண்டரிலும் உள்ளேயும் இருந்து ஓய்வு பெற்ற நம் தோழர் ஒருவரிடம் கேட்டோம். அவர் சிரித்துவிட்டார்.

அவர் விளக்கியதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். காலையில் கேஷியர் கையில் இருந்த பணம், பகலில் வந்த பணம், போன பணம், இவற்றைக் கூட்டிக் கழித்தால் மாலையில் கையில் எவ்வளவு இருக்க வேண்டும் என்று கணக்கு சொல்லிவிடும். அதோடு கையில் இருக்கிற பணத்தை ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் டேலி. குறைந்தால் கேஷியர் தன் கைக்காசைப் போட்டுச் சரிக்கட்ட வேண்டியதுதான். அந்தப் பயத்தில்தான் கவுண்டரில் இருப்பவர்கள் எப்போதும் எரிந்து விழுகிறார்கள் என்றார் தோழர். அந்தப் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும் அல்லவா? பக்கத்து நாற்காலிகள் காலியாகக் கிடக்க, ஒரே ஆள் நூறு பேருக்குப் பணம் கொடுக்கிறார்.

சரி, பணம் கூடினால்? அதைக் கேஷியர் வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. கூடுதல் தொகையைத் தனியாக ஒரு கணக்கில் வரவு வைத்து, எழுதி வைத்து, உரியவர் வந்தால் விசாரித்துக் கொடுப்பதுதான் முறை. அந்த வரவை வைத்த கணத்திலேயே அன்றைய கணக்கு சரியாகிவிடும். அதாவது 5,000 ரூபாய் கூடுதலாகக் கிடந்த நாளிலும் கணக்கு டேலி ஆகித்தான் தீரும். டேலி ஆகாமல் கிளையைப் பூட்டவே மாட்டார்கள். ஆகவே "டேலி ஆயிடுச்சு" என்பது நம் கேள்விக்குப் பதிலே கிடையாது. "அன்றைக்குக் கூடுதல் பணம் வந்ததா, வந்தது என்றால் எந்தக் கணக்கில் வைத்திருக்கிறீர்கள்?" என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. அந்த அம்மாவுக்கு இது தெரியாது. நம்மில் பட்டம் வாங்கியவர்கள் எத்தனை பேருக்குத் தெரியும்?

அன்றைக்கே ஒரு கடிதம் எழுதினோம். எந்தக் கணக்கு, எந்தத் தேதி, ஏறக்குறைய எத்தனை மணி, எவ்வளவு தொகை, எந்தெந்தத் தாள் கையில் வந்தது, எவ்வளவு குறைந்தது, எத்தனை நிமிடத்தில் திரும்பி வந்து சொன்னார்கள் என்று வரிசையாக. அந்த நாளின் கூடுதல் பணப் பதிவைப் பார்க்க வேண்டும், எத்தனை தாள் கொடுத்ததாகக் கேஷியர் குறித்திருக்கிறார் என்று சொல்ல வேண்டும், கவுண்டர் மேல் இருக்கிற கேமராவின் அந்த நேரத்துப் பதிவை அழியாமல் எடுத்து வைக்க வேண்டும், எழுத்தில் பதில் தர வேண்டும் என்று கேட்டோம். கிளையில் கடிதத்தை வாங்கிக்கொண்டார்கள், நகலில் முத்திரை வைக்க மட்டும் மறுத்தார்கள். அன்றே தபாலிலும் அனுப்பினோம். மண்டல அலுவலகத்துக்கும் ஒரு நகல் போனது.

பதினோராம் நாள் அந்த அம்மாவின் கணக்கில் 5,000 ரூபாய் வரவாகியிருந்தது. விளக்கம் இல்லை, வருத்தம் இல்லை. கிளையிலிருந்து ஒரு போன் மட்டும் வந்தது: "பணம்தான் வந்துடுச்சே, லெட்டரை வாபஸ் வாங்கிக்கலாமே."

பணம் வந்துவிட்டதே, பிறகு எதற்கு இவ்வளவு பேச்சு என்று நம் ஆட்களிலேயே சிலர் கேட்டார்கள். நாங்கள் பதிலுக்குக் கேட்கிறோம். அந்த 5,000 ரூபாய் அன்று மாலையே அந்தக் கிளையின் கணக்கில் கூடுதலாக உட்கார்ந்திருந்தது. மறுநாள் காலை ஒரு பெண் வந்து நிற்கிறார், அதே தொகையைச் சொல்கிறார். ஒரு பதிவைப் புரட்டிப் பார்த்தால் முடிந்துபோகிற விஷயம். புரட்டிப் பார்க்கவே தோன்றவில்லை. ஏன் தோன்றவில்லை?

"எல்லாவற்றிலும் சாதியைப் பார்க்கிறீர்கள்" என்று இந்த இடத்தில் யாராவது ஆரம்பிப்பார்கள். நாங்கள் தேடிப் போய்ப் பார்க்கவில்லை. அதே கிளையில் கடிதம் கொடுக்கக் காத்திருந்த ஒன்றரை மணி நேரத்தில் கண்ணெதிரே நடந்தது. ஊர்த்தெருவைச் சேர்ந்த ரைஸ்மில் முதலாளி ஒருவர் வந்தார். "வாங்கண்ணே, உக்காருங்க" என்று மேனேஜர் அறைக்குள் அழைத்துப் போனார்கள். பணம் உள்ளேயே போனது. எண்ணும் மெஷினையும் தூக்கிக்கொண்டு போய் அவர் முகத்துக்கு நேராகத் திருப்பி வைத்து ஓட்டிக் காட்டினார்கள். டீ வந்தது. அவருக்கு அந்தப் பலகை பொருந்தாது. மறுநாள் அவர் வந்து ஐயாயிரம் குறைகிறது என்று சொன்னால் "போய்யா" என்று யாராவது சொல்வார்களா? அவருக்கு "வாங்க", நம் அம்மாவுக்கு "வா". இந்த இரண்டு வார்த்தைக்கு நடுவில்தான் யார் சொல்வது உண்மை, யார் சொல்வது பொய் என்று முன்கூட்டியே முடிவு செய்யப்படுகிறது. கேஷியர் என்ன சாதி என்று எங்களுக்குத் தெரியாது, அது தேவையும் இல்லை. சேரியிலிருந்து வருகிறவர் ஏமாற்ற வந்திருப்பார், ஊரிலிருந்து வருகிறவர் ஏமாந்து வந்திருப்பார் என்கிற நினைப்பு அந்தக் கட்டடத்துக்குள் எல்லோருக்கும் பொதுவாக இருக்கிறது. வரிசையில் நின்றவர் "இதுங்களுக்கு" என்று சொன்னபோது ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை என்பது அதற்குச் சாட்சி.

சில கிளைகளில் இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. கவுண்டரில் இருப்பவருக்குத் தமிழ் தெரியாது. கவுண்டர்களில் உள்ள பலகைகள் ஆங்கிலம், இந்தி, மாநில மொழி மூன்றிலும் இருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. பலகை தமிழ் பேசினால் போதுமா, ஆள் பேச வேண்டாமா என்று யாரும் கேட்பதில்லை. ஐயாயிரம் குறைகிறது என்று கதறுகிற பெண்ணுக்கு "சிஸ்டம் ஓகே, சிஸ்டம் ஓகே" என்று பதில் வந்ததை வேறொரு கிளையில் கேட்டிருக்கிறோம்.

இப்போது இயந்திரத்தின் பக்கம் வருவோம். ஏடிஎம்மில் பணம் வராமல் கணக்கில் மட்டும் கழிந்துவிட்டால் ஐந்து நாளுக்குள் வங்கி தானாகத் திருப்பி வரவு வைக்க வேண்டும், தவறினால் அதற்கு மேல் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டது. ஆன்லைனில் யாரோ நம் கணக்கிலிருந்து பணத்தைச் சுருட்டிவிட்டால், நம் தவறு இல்லாத பட்சத்தில், மூன்று வேலை நாளுக்குள் சொன்னால் நமக்கு நட்டமே கிடையாது என்று 2017 ஜூலை சுற்றறிக்கை சொல்கிறது. அதிலேயே இன்னொரு வரி உண்டு: தவறு வாடிக்கையாளருடையது என்றால் அதை நிரூபிக்க வேண்டியது வங்கி. படித்தபோது எங்களுக்கு வியப்பாகவே இருந்தது. மெஷினிலும் செல்போனிலும் தவறு நடந்தால் நிரூபிக்கிற சுமை வங்கிக்கு. கவுண்டரில் மனிதர் கையால் தவறு நடந்தால் பத்து நிமிடம் தாண்டியதுமே சுமை நமக்கு.

கவுண்டருக்கு யார் போகிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஸ்மார்ட்போன் இல்லாதவர்கள், ஏடிஎம் அட்டையே கொடுக்கப்படாத கைநாட்டுக் கணக்குக்காரர்கள், முதியோர் உதவித்தொகை வாங்குகிறவர்கள், நூறு நாள் வேலைக் கூலியை எடுக்க வருகிறவர்கள். பாதுகாப்பு விதிகள் எல்லாம் வசதி இருக்கிறவர்கள் நடக்கிற பாதையில் போடப்பட்டிருக்கின்றன. நம் அம்மாக்கள் நடக்கிற பாதையில் ஒரு பலகை மட்டும் இருக்கிறது.

அந்தப் பலகை சட்டம் கிடையாது என்பதையும் இங்கே அழுத்திச் சொல்லிவிடுகிறோம். நம் கணக்கில் இருக்கிற பணம் வங்கி நமக்குத் தர வேண்டிய கடன். 60,000 கழித்துக்கொண்டு 55,000 கொடுத்தால் மீதி 5,000 கடன் அப்படியேதான் நிற்கிறது. கவுண்டரைத் தாண்டிவிட்டால் நிரூபிப்பது கடினமாகும், அவ்வளவுதான். கடினம் என்பது வேறு, உரிமை போய்விட்டது என்பது வேறு.

பிழை மறுபக்கம் நடந்தால் என்ன ஆகிறது? அதையும் பார்த்திருக்கிறோம். வேறொரு ஊரில் நம் இளைஞர் ஒருவர் 10,000 ரூபாய் எடுத்தார். நூறு ரூபாய்க் கட்டு ஒன்று கொடுப்பதற்குப் பதில் ஐநூறு ரூபாய்க் கட்டைக் கொடுத்துவிட்டார்கள். 40,000 கூடுதல். வீட்டுக்குப் போய்க் கட்டைப் பார்த்தவர், காலையில் கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம் என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறார். அன்று இருட்டுவதற்குள் வங்கி ஊழியர்கள் இருவரும் ஊர்ப் பெரிய மனிதர் ஒருவரும் பைக்கில் சேரிக்குள் வந்துவிட்டார்கள். "மரியாதையா குடுத்துடு, இல்லன்னா ஸ்டேஷனுக்குப் போயிடுவோம்." தெருவே கூடிவிட்டது. திருடாதவர் திருடரைப் போல நின்றார்.

தவறி வந்த பணத்தைத் திருப்பிக் கொடுக்கத்தான் வேண்டும், அதில் எங்களுக்கு இரண்டாவது கருத்து இல்லை. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 72ஆவது பிரிவும் அதைத்தான் சொல்கிறது. தெரிந்தே வைத்துக்கொண்டால் வழக்கும் வரலாம். நாங்கள் கவனிக்கச் சொல்வது வேறு. மாலையில் பணம் குறைந்ததும் அன்றைய சீட்டுகளைப் புரட்டினார்கள், எந்தத் தாள் யாருக்குப் போனது என்று பார்த்தார்கள், கேமராவை ஓட்டினார்கள், ஆளைக் கண்டுபிடித்தார்கள், வீட்டையும் கண்டுபிடித்தார்கள். இத்தனையும் இரண்டு மணி நேரத்தில் முடிந்தது. வங்கிக்குக் குறைந்தால் செய்யத் தெரிகிற வேலை, வங்கிக்குக் கூடும்போது மட்டும் எப்படி மறந்துபோகிறது?

இங்கே ஒரு பழைய கதையையும் நினைத்துக்கொள்கிறோம். நம் தாத்தாக்கள் காலத்தில் கடன் என்றால் ஊர்த்தெரு வட்டிக்காரர்தான். அவர் சொன்னதுதான் கணக்கு. எவ்வளவு வாங்கினோம், எவ்வளவு கொடுத்தோம் என்பதற்கு நம் கையில் ஒரு துண்டுச் சீட்டு இருக்காது. 1969 ஜூலை 19 அன்று 14 வங்கிகள் நாட்டுடைமையானதும், அதற்குப் பிறகு கிராமங்களுக்குக் கிளைகள் வந்ததும் நம்மைப் போன்றவர்களுக்குப் பெரிய விஷயம். வட்டிக்காரரின் வாயை விட்டுவிட்டு எழுத்துக்கு வந்தோம். பாஸ்புக் வந்தது. 1923இல் ரூபாயின் பிரச்சனையைப் பற்றி லண்டனில் நூல் எழுதி வெளியிட்டவர் அண்ணல் அம்பேத்கர். நாணயக் கொள்கையை ஆராய வந்த ஹில்டன் யங் கமிஷன் முன் சாட்சியம் அளித்தவரும் அவர்தான். அந்தக் கமிஷனின் பரிந்துரையைத் தொடர்ந்துதான் 1935 ஏப்ரல் 1 அன்று ரிசர்வ் வங்கி திறக்கப்பட்டது. பணத்துக்கும் நமக்கும் சம்பந்தமில்லை என்று நினைக்கிறவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. வங்கி எங்களுக்கு வேண்டும். வட்டிக்காரர் வீட்டுத் திண்ணை மாதிரி நடக்கிற வங்கி வேண்டாம். "நான் எண்ணித்தான் குடுத்தேன், போ" என்பது திண்ணைப் பேச்சு.

ஆகவே நம் பக்கமும் எழுத்துக்கு வர வேண்டும். காலனிக் கூட்டங்களில் நாங்கள் இப்போது இதைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். பெரிய தொகை எடுக்கப் போனால் தனியாகப் போகாதீர்கள். கவுண்டரிலேயே நின்று எண்ணுங்கள். முறைத்தால் முறைக்கட்டும், பின்னால் நிற்பவர் முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும். பலகையைக் காட்டி "நீங்கதானே எண்ணச் சொல்லியிருக்கீங்க" என்று கேளுங்கள். கட்டை உங்கள் எதிரில் மெஷினில் போடச் சொல்லுங்கள். வாடிக்கையாளர் பக்கமும் எண் தெரிகிற இரட்டைத் திரை மெஷின்களைப் பணம் கொடுக்கும் கவுண்டர்களில் வைக்கச் சொல்லி ரிசர்வ் வங்கி எப்போதோ அறிவுறுத்திவிட்டது. கேட்பது சலுகை அல்ல.

குறைந்தது தெரிந்தால் அந்த இடத்தை விட்டு நகராமல் சொல்லுங்கள். வெளியே வந்த பிறகு தெரிந்தால் அந்த நிமிடமே திரும்பிப் போங்கள். அன்று மாலை டேலி முடிவதற்குள் நம் புகார் எழுத்தில் உள்ளே இருப்பதுதான் முக்கியம். வாயால் சொன்னது காற்றோடு போய்விடும். வெள்ளைத் தாளில் நான்கு வரி போதும். புகார்ப் புத்தகம் கேளுங்கள். ஒவ்வொரு கிளையிலும் புகார்ப் பதிவேடு இருக்க வேண்டும், எழுதியதும் ஒப்புகைச் சீட்டைக் கிழித்துக் கையில் தரும்படி அது இருக்க வேண்டும் என்பதும் ரிசர்வ் வங்கியின் அறிவுறுத்தல்தான். தர மறுத்தால் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பாஸ்புக்கில் அன்றே வரவு செலவு போட்டு வாங்குங்கள். "பிரிண்டர் ரிப்பேர்" என்றால் அதையும் கடிதத்தில் எழுதுங்கள். கேமராப் பதிவு ரொம்ப நாள் இருக்காது, பழையது அழிந்து புதியது ஏறிவிடும். அதை எடுத்து வைக்கச் சொல்லி முதல் கடிதத்திலேயே கேட்டுவிட வேண்டும். கைநாட்டு வைக்கிறவர்கள் சீட்டில் என்ன தொகை எழுதியிருக்கிறது என்று நம்பிக்கையான இன்னொருவரிடம் காட்டிவிட்டு ரேகை வையுங்கள்.

முப்பது நாளில் பதில் வரவில்லை, அல்லது வந்த பதில் மழுப்பல் என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 2021 நவம்பரில் நாடு முழுக்க ஒரே திட்டமாக இதை ஆக்கினார்கள். கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம். இணையத்தில் போட முடியாதவர்கள் தபாலில் அனுப்பலாம். 14448 என்ற எண்ணில் தமிழிலும் விவரம் கேட்கலாம். முதலில் வங்கிக்கு எழுதாமல் நேராக அங்கே போனால் தள்ளிவிடுவார்கள். அந்த முதல் கடிதம் எவ்வளவு முக்கியம் என்பது இதிலிருந்தும் தெரியும். மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் 5 லட்சம் ரூபாய் வரைக்குமான விவகாரங்களுக்குக் கட்டணம் இல்லை. பொதுத்துறை வங்கி என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கவும் வழி இருக்கிறது.

கூடுதலாகப் பணம் வந்துவிட்டால் கிளைக்கே கொண்டுபோய்க் கொடுங்கள். கொடுத்ததற்குச் சீட்டு வாங்குங்கள். வீட்டு வாசலில் பைக்கில் வந்து நிற்கிறவரிடம், அவர் யாராக இருந்தாலும், ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைப் பற்றி இளைஞர்கள் கேட்டார்கள். பொதுமக்கள் பார்வையில் படுகிற இடத்தில் சாதிப் பெயரைச் சொல்லித் திட்டினால், வேண்டுமென்றே இழிவுபடுத்தினால் 1989ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3(1) பிரிவின் ஆர், எஸ் உட்பிரிவுகள் பாயும். வங்கி ஹாலும் அப்படிப்பட்ட இடம்தான். அப்படி நடந்தால் தயங்காமல் புகார் கொடுக்க வேண்டும். ஆனால் "இதுங்க" என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அந்தச் சட்டத்தை இழுப்பது சரிவராது என்பது எங்கள் கருத்து. நிற்காத வழக்கைப் போட்டுத் தோற்றால் அடுத்த உண்மையான வழக்கைத்தான் அது பலவீனப்படுத்தும். தோழர்கள் சிலருக்கு இதில் எங்களோடு உடன்பாடு இல்லை. பேசிக்கொண்டிருக்கிறோம்.

அந்த அம்மாவின் பணம் வந்த பிறகும் நாங்கள் கடிதத்தை வாபஸ் வாங்கவில்லை. குழுப் பெண்கள் இருபது பேரோடு கிளைக்குப் போய் ஒரு மனுவும் கொடுத்தோம். கவுண்டர் பக்கத்தில் எண்ணிப் பார்க்க ஒரு மேசை போட வேண்டும், அது வாசலில் இருக்கக் கூடாது. எண்ணும் மெஷினின் திரை வாடிக்கையாளர் பக்கமும் தெரிய வேண்டும். குறைந்தது என்று அன்றே சொன்னவருக்கு, மாலை டேலியில் கூடுதல் பணம் வந்ததா இல்லையா என்று மறுநாள் எழுத்தில் சொல்ல வேண்டும். பலகையில் இன்னொரு வரி சேர்க்க வேண்டும்: எண்ணி முடிக்கும்வரை கவுண்டரில் நிற்க உங்களுக்கு உரிமை உண்டு.

மேனேஜர் இந்த முறை உட்காரச் சொன்னார். இருபது பேருக்கு நாற்காலி இல்லாததால் எல்லோரும் நின்றோம். மேசை போட்டுவிடலாம் என்றார். மெஷினுக்கு மேலிடத்துக்கு எழுதுகிறேன் என்றார். எழுத்தில் பதில் தருவது பற்றிக் கேட்டபோது, அதெல்லாம் தன் கையில் இல்லை, மண்டல அலுவலகம்தான் சொல்ல வேண்டும் என்றார். பலகையில் வரி சேர்ப்பதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மேசை இரண்டு வாரத்தில் வந்துவிட்டது. மனுவின் நகலில் இந்த முறை முத்திரை வைத்துக் கொடுத்திருக்கிறார்கள், மண்டல அலுவலகத்தின் பதிலுக்குக் காத்திருக்கிறோம். அடுத்து பக்கத்து ஒன்றியத்தில் உள்ள கிளைகளுக்கும் இதே மனுவைக் கொண்டுபோகிறோம். உங்கள் ஊரில் கவுண்டரில் பணம் குறைந்து, "போம்மா" என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் இருந்தால், பாஸ்புக்கையும் கைவசம் இருக்கிற சீட்டையும் எடுத்துக்கொண்டு வரச் சொல்லுங்கள். கடிதத்தை நாங்கள் எழுதித் தருகிறோம்.